தாம்பரத்துக்குள் ஒரு வெளிநாடு

காலை ஏழரை மணி வாக்கில் தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தில் நின்றால் தினமும் ஒரே காட்சிதான். மின்ரயில்கள் ஒவ்வொன்றாக வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போகின்றன. கழுத்தில் அடையாள அட்டை, தோளில் சாப்பாட்டுப் பை. தண்டவாளத்துக்கு ஒருபுறம் காசநோய் மருத்துவமனை. சானடோரியம் என்ற பெயரே அதனால் வந்தது. இவர்கள் அந்தப் பக்கம் போவதில்லை. மறுபுறம் ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்து ‘மெப்ஸ்’ வாசலுக்குள் நுழைகிறார்கள்.

1984-இல் மெட்ராஸ் ஏற்றுமதி வளாகமாகத் தொடங்கி, 2003-இல் சிறப்புப் பொருளாதார மண்டலமாக மாறிய இடம் அது. பரப்பு சுமார் 262 ஏக்கர். சுங்கச் சட்டத்தின் கணக்கில் அந்த வாசலுக்கு உள்ளே இருப்பது இந்தியச் சுங்க எல்லைக்கு வெளியே உள்ள நிலம். உள்ளே செய்த ஒரு சின்ன மோட்டாரை ஜெர்மனிக்கு அனுப்பினால் அது ஏற்றுமதி. சுங்கத் தீர்வை கிடையாது. அதே மோட்டாரை அடுத்த ஸ்டேஷனான குரோம்பேட்டையில் விற்க வேண்டுமென்றால் வாசலில் இறக்குமதிக்கு உரிய தாள்களை நிரப்பி, இறக்குமதிக்கு உரிய தீர்வையைக் கட்டிவிட்டுத்தான் வெளியே எடுத்துவர வேண்டும். பத்து நிமிட நடைக்கு அப்பால் இருக்கும் கடைக்காரர் அயல்நாட்டு வாடிக்கையாளர் ஆகிவிடுகிறார்.

வளர்ந்துவரும் நாடுகளின் கம்பெனிகள் ஏன் கடல் தாண்டிப் போகின்றன என்ற கேள்வியை நான் இந்த வாசலிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. பொருளாதார நூல்களில் இந்தக் கேள்விக்கு நல்ல விடைகள் இருக்கின்றன. ஆனால் பல்லாவரம் முதல் மறைமலைநகர் வரையிலான இந்த முப்பது கிலோமீட்டரில் நடந்தவற்றை அந்த விடைகளோடு வைத்துப் பார்த்தால் அவற்றில் சிலது பொருந்துகிறது, சிலது தலைகீழாக நிற்கிறது.

2021 செப்டம்பரை எடுத்துக்கொள்வோம். அந்த மாதம் 9-ஆம் தேதி ஃபோர்டு கம்பெனி இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்தப்போவதாக அறிவித்தது. பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்றது. மறைமலைநகர் ஆலையில் கார் தயாரிப்பு அதோடு முடிவுக்கு வந்தது. அடுத்த ஆண்டு கதவைச் சாத்தினார்கள். சரியாகப் பதின்மூன்று நாள் கழித்து, 22-ஆம் தேதி, நியூயார்க்கின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற மென்பொருள் கம்பெனியின் பங்கு விற்பனைக்கு வந்தது. பங்கு ஒன்று 36 டாலர். திரட்டிய தொகை 100 கோடி டாலருக்கு மேல். அந்தக் கம்பெனி பிறந்தது மடிப்பாக்கத்தை ஒட்டிய கீழ்க்கட்டளையில், சுமார் 700 சதுர அடி அலுவலகத்தில்.

நூறாண்டுப் பழமையான அமெரிக்கக் கம்பெனி இங்கே தாக்குப்பிடிக்க முடியாமல் கிளம்பியது. பத்து வயதுக் கம்பெனி ஒன்று இங்கிருந்து அமெரிக்காவுக்குப் போய் நின்றது. இரண்டும் ஒரே மாதத்தில், ஒரே நகரத்தின் தென்புறத்தில்.

பன்னாட்டுக் கம்பெனிகளைப் பற்றிய ஆய்வு, பணக்கார நாடுகளின் கம்பெனிகளைப் பார்த்து எழுதப்பட்டது. கனடாவில் பிறந்த ஸ்டீபன் ஹைமர் 1960-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் அளித்த முனைவர் பட்ட ஆய்வு அதற்கு அடித்தளம். அயல்நாட்டில் கடை போடுபவனுக்கு மொழி தெரியாது, சட்டம் தெரியாது, ஆள் பழக்கம் கிடையாது. இத்தனை பாதகங்களையும் மீறி அவன் அங்கே ஜெயிக்கிறான் என்றால் உள்ளூர்க்காரனிடம் இல்லாத ஒன்று அவனிடம் இருக்க வேண்டும்: தொழில்நுட்பம், பிராண்டு, பணபலம், ஏதாவது ஒன்று. பின்னால் வந்த ஜான் டன்னிங் இதை விரித்து ஒரு சட்டகமாக்கினார். ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1977-இல் இன்னொன்று சொன்னார்கள்: கம்பெனி முதலில் சொந்த ஊரில் காலூன்றும், பிறகு பக்கத்து நாட்டுக்கு ஏற்றுமதி செய்யும், பிறகு முகவரை வைக்கும், கடைசியில் ஆலை கட்டும், படிப்படியாக, பழகப் பழக.

ஃபோர்டுக்கு இது பொருந்தும். கீழ்க்கட்டளைக்குப் பொருந்தாது.

ஃப்ரெஷ்வொர்க்ஸைத் தொடங்கிய திருச்சிக்காரர் கிரீஷ் மாத்ருபூதம் அதற்கு முன்பு ஸோஹோ என்ற சென்னை மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்தவர். அமெரிக்காவிலிருந்து சென்னைக்குத் திரும்பியபோது அனுப்பிய டி.வி. உடைந்து வந்தது, இழப்பீடு கேட்டு மாதக்கணக்கில் அலைந்தும் பலனில்லை, இணையத்தில் ஊரறிய எழுதிய பிறகு உடனே பணம் வந்தது. வாடிக்கையாளர் குறைகளைக் கையாளும் மென்பொருள் ஒன்றைச் செய்யலாம் என்ற எண்ணத்துக்கு அது வித்து என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தத் துறையில் முன்னணியில் இருந்த ஸென்டெஸ்க் 2010-இல் கட்டணத்தை ஏற்றியதும் வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். அந்த இடைவெளியில் நுழைந்ததுதான் ஃப்ரெஷ்டெஸ்க், பின்னாளின் ஃப்ரெஷ்வொர்க்ஸ்.

2011-இல் அதன் முதல் வாடிக்கையாளர் யார்? ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் உள்ள ஆட்வெல் கல்லூரி. அது ஒரு பள்ளி. கீழ்க்கட்டளையைச் சுற்றி எத்தனை பள்ளிகள், எத்தனை கம்பெனிகள். அவற்றில் ஒன்றுகூட முதல் வாடிக்கையாளர் ஆகவில்லை. பெர்த்திலிருந்த ஒருவர் இணையத்தில் பார்த்தார், பயன்படுத்திப் பார்த்தார், கடன் அட்டையில் பணம் கட்டினார். விற்பனையாளர் யாரும் விமானம் ஏறவில்லை. பெர்த் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முந்தியது. அங்கே காலை ஒன்பது மணிக்கு ஒருவர் சந்தேகம் கேட்டால் இங்கே ஆறரை மணி. அந்நேரத்தில் விழித்திருந்து பதில் சொல்ல ஆள் வேண்டும். விலை, தரம் எல்லாவற்றோடும் அந்தப் பதிலும் சேர்ந்துதான் விற்பனை.

உப்சாலா சொன்ன படிக்கட்டு இங்கே இல்லவே இல்லை. உள்ளூர்ச் சந்தையில் வலுப்பெற்று வெளியே போனவர்கள் அல்ல இவர்கள். முதல் நாளே சந்தை வெளியில்தான் இருந்தது. பங்கு வெளியீட்டின்போது கம்பெனி தாக்கல் செய்த ஆவணத்தின்படி 2020-இல் அதன் வருவாய் சுமார் 25 கோடி டாலர். 120 நாடுகளில் 52,500-க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள்.

ஏன் உள்ளூர் வாங்கவில்லை? அன்றைய சென்னையில் ஒரு நடுத்தரக் கம்பெனி மென்பொருளுக்கு மாதாமாதம் பணம் கட்டும் வழக்கமே இல்லை. திருட்டு நகல் இலவசமாகக் கிடைத்தது. வாடிக்கையாளர் குறையைக் கேட்க இன்னொரு ஆளை வேலைக்கு வைப்பது மென்பொருள் வாங்குவதைவிட மலிவு. ஆள் மலிவாகக் கிடைக்கும் ஊரில், ஆள் வேலையை மிச்சப்படுத்தும் பொருளுக்கு விலை கிடைக்காது. எந்தக் காரணம் சென்னையில் மென்பொருளை மலிவாகச் செய்ய வைத்ததோ, அதே காரணம்தான் சென்னையில் அதை விற்கவிடாமலும் செய்தது. என் பார்வையில் இந்த ஒரு முடிச்சை அவிழ்த்தால் இந்தப் புறநகரின் கதையில் பாதி விளங்கிவிடும்.

இதற்குப் பதினைந்து ஆண்டு முன்பே அதே முடிச்சை எதிர்கொண்டது ஸோஹோ. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய கம்பெனி அது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம் பெற்று, குவால்காமில் வேலை பார்த்தவர். தொலைத்தொடர்புக் கருவி செய்யும் கம்பெனிகளுக்கு வலையமைப்பு மேலாண்மை மென்பொருள் விற்றார்கள். எழுதியது சென்னையில், வாங்கியவர்கள் அமெரிக்காவில். 2001 வாக்கில் டாட்காம் சரிவில் அந்த வாடிக்கையாளர்களில் பலர் காணாமல் போனார்கள். அந்த அடியிலிருந்து மீளத்தான் நேரடியாகக் கம்பெனிகளுக்கு விற்கும் மேனேஜ்என்ஜின் வந்தது. பிறகு 2005 வாக்கில் ஸோஹோ வந்தது. ஜப்பானில் 2001-லேயே அலுவலகம் திறந்துவிட்டார்கள். ஒரே நாட்டு வாடிக்கையாளரை நம்பினால் என்ன ஆகும் என்று அந்தச் சரிவு கற்றுக்கொடுத்தது.

இன்று ஸோஹோவின் பெரிய வளாகம் கூடுவாஞ்சேரி அருகே ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிறது. 2022-இல் ஆண்டு வருவாய் 100 கோடி டாலரைத் தாண்டியதாக அறிவித்தார்கள். மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் ஸோஹோவின் தளத்துக்கு மாறிய செய்தி 2025-இல் பரவலாக வந்தது. அதற்கான ஒப்பந்தம் 2023-இல் கிடைத்தது. கம்பெனி தொடங்கி 27 ஆண்டுகள் கழித்துத்தான் சொந்த நாட்டு அரசு இவ்வளவு பெரிய வாடிக்கையாளராக வந்தது. அதுவரை அந்தக் கம்பெனியை வளர்த்ததில் பெரும்பங்கு அயல்நாட்டுப் பணத்துக்கு.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். சொந்த ஊரில் கிடைக்காததைத் தேடிக் கடல் தாண்டுவது தமிழர்களுக்குப் புதிதல்ல. சுமத்ராவின் பாரூஸில் கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவர் வணிகக் குழுவைச் சொல்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம், செட்டிநாட்டுக்குப் போவோம். நகரத்தார் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் தொழில் செய்யப் போவதைக் ‘கொண்டுவிக்கப் போவது’ என்பார்கள். மழையை நம்பிய வறண்ட பூமி அவர்களுடையது. ஐராவதி ஆற்றுப் படுகையில் புதிதாகத் திருத்தப்பட்ட நெல்வயல்களுக்குக் கடன் கொடுக்க ஆள் தேவைப்பட்டது; ஆங்கிலேய வங்கிகள் பர்மிய விவசாயிக்குக் கடன் தரவில்லை. மூன்று ஆண்டுக் கணக்கு, முகவர், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஒரு முழு நிர்வாக முறையையே கொண்டுபோனார்கள்.

அந்த வழியில் வந்த எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது சென்னையிலும் காரைக்குடியிலும் ரங்கூனிலும் ஒரே நாளில் கிளைகள் திறந்தன. பெயரிலேயே கடல் கடந்த வங்கி. பிறந்த அன்றே வெளிநாட்டுக் கிளை. இன்றைக்கு மேலாண்மைப் பள்ளிகளில் ‘பிறவியிலேயே உலக நிறுவனம்’ என்று ஒரு வகையைப் புதிதாகக் கண்டுபிடித்ததுபோலப் பாடம் நடத்துகிறார்கள்.

முருகப்பா குழுமம் 1900-இல் பர்மாவின் மௌல்மேனில் தொடங்கியது. 1930-களில் தொழிலை இந்தியாவுக்கு மாற்றிக்கொண்டது. மாற்றாதவர்கள் 1942-இல் ஜப்பானியப் படை வந்தபோது கணக்குப் புத்தகத்தோடு நடந்தே வந்தார்கள். பர்மா விடுதலை பெற்றபின் நிலங்கள் தேசியமயமாயின. வயலைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. கீழ்க்கட்டளையின் மென்பொருளுக்கு அந்த ஆபத்து இல்லை என்பது பெரிய வித்தியாசம். ஆனால் அதற்கும் தனக்கென்று ஒரு ஆபத்து உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

விடுதலைக்குப் பிறகு இன்னொரு வகைக் காரணம் சேர்ந்தது. லைசென்ஸ் ராஜ்ஜியத்தில் ஒரு கம்பெனி தன் ஆலையைப் பெரிதாக்கவே டெல்லியில் அனுமதி வாங்க வேண்டும். 1969-இல் ஏகபோகத் தடைச் சட்டம் வந்தது. அதே ஆண்டு ஆதித்ய பிர்லா தாய்லாந்தில் நூல் ஆலை தொடங்கினார். இங்கே வளர இடமில்லாததால் அங்கே வளர்ந்தார்கள். 1983-இல் ஹார்வர்டின் லூயிஸ் வெல்ஸும் ஆக்ஸ்போர்டின் சஞ்சய லாலும் மூன்றாம் உலகப் பன்னாட்டுக் கம்பெனிகளைப் பற்றித் தனித்தனியே நூல் வெளியிட்டபோது அவர்கள் கண்ணில் பட்டவை இத்தகைய கம்பெனிகள்: சிறிய அளவு, மலிவான இயந்திரம், தன்னைப்போன்ற ஏழை நாட்டுச் சந்தை.

அரசும் அன்று பணத்தை வெளியே விடவில்லை. அயல்நாட்டு முதலீட்டில் இந்தியப் பங்கை இந்திய இயந்திரமாகக் கொடுங்கள் என்றது. அந்தக் கட்டு 1992-இலிருந்து மெல்லத் தளர்ந்தது. கம்பெனியின் நிகர மதிப்பு அளவுக்கு வெளியே முதலீடு செய்யலாம் என்று 2004-இல் ரிசர்வ் வங்கி அனுமதித்தது. 2005-இல் அது இருமடங்கு, 2007-இல் நான்கு மடங்கு. டாடா ஸ்டீல் கோரஸை வாங்கியது 2007-இல், டாடா மோட்டார்ஸ் ஜாகுவார் லேண்ட் ரோவரை வாங்கியது 2008-இல். கதவு திறந்த வேகத்தைப் பார்த்தால் கம்பெனிகள் எவ்வளவு நாள் வாசலில் காத்திருந்தன என்பது தெரியும்.

இவர்கள் எதை வாங்கினார்கள் என்பதுதான் முக்கியம். வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் சாலையில் படப்பையைத் தாண்டினால் ஒரகடம். அங்கே அப்பல்லோ டயர்ஸின் ஆலை 2010-இல் ஓடத்தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு நெதர்லாந்தின் வ்ரெடெஸ்டைன் டயர் கம்பெனியை அது வாங்கியிருந்தது. லாரி டயரில் பெயரெடுத்த இந்தியக் கம்பெனிக்கு ஐரோப்பியக் கார்களுக்கான உயர்தர டயர் செய்யத் தெரியாது. அந்தப் பெயரும் அதன் கையில் இல்லை. வ்ரெடெஸ்டைனிடம் இரண்டும் இருந்தன, பணம் இல்லை. அதன் ரஷ்ய உரிமையாளர் கடனில் மூழ்கியிருந்தார். ஹைமரின் கோட்பாட்டைத் தலைகீழாக நிறுத்திய வணிகம் இது. தன்னிடம் உள்ள பலத்தோடு வெளியே போவது பழைய பாடம். தன்னிடம் இல்லாத பலத்தை வாங்கிவர வெளியே போவது வளர்ந்துவரும் நாடுகளின் பாடம். யாதோங் லுவோவும் ரோசலி டங்கும் 2007-இல் இதைத் துள்ளுபலகை என்றார்கள்: தொலைவில் தாவ ஒரு பலகை.

பலகையிலிருந்து விழுந்தவர்களும் உண்டு. அதே அப்பல்லோ 2013-இல் தன்னைவிடப் பெரிய அமெரிக்க கூப்பர் டயரை 250 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. கூப்பரின் சீனக் கூட்டாலைத் தொழிலாளர்கள் எதிர்த்து வேலையை நிறுத்தினார்கள். ஆண்டு முடிவதற்குள் ஒப்பந்தம் முறிந்தது.

ஒரகடத்தில் இன்னொரு ஆலை என்னை எப்போதும் நிற்கவைக்கும்: ராயல் என்ஃபீல்டு. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்துக் கம்பெனி அது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து திருவொற்றியூரில் புல்லட்டைப் பூட்டிச் சேர்க்கத் தொடங்கினார்கள். 1970-களின் தொடக்கத்துக்குள் தாய்க் கம்பெனி மூடிப்போனது. திருவொற்றியூர் மட்டும் பழைய புல்லட்டையே செய்துகொண்டிருந்தது. ஒரகடம் ஆலை 2013-இல் வந்தது. நான்கு ஆண்டு கழித்து, 2017-இல், அதே கம்பெனி இங்கிலாந்தின் லெஸ்டர்ஷையரில் உள்ள புருண்டிங்தோர்ப்பில் ஆராய்ச்சி மையம் திறந்தது. அதற்கு முன்பே ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ் என்ற பிரிட்டிஷ் சட்டக வடிவமைப்புக் கம்பெனியை வாங்கியிருந்தது. இங்கிலாந்துப் பொறியாளர்களும் சென்னைப் பொறியாளர்களும் சேர்ந்து செய்த 650 சிசி இரட்டை சிலிண்டர் வண்டிகள் 2018-இல் சந்தைக்கு வந்தன.

அதில் கவனிக்க வேண்டியது வேலைப் பிரிவினை. அறிவு தேவைப்பட்டபோது இங்கிலாந்துக்குப் போனார்கள். விற்பனை தேவைப்பட்டபோது அர்ஜென்டினா, கொலம்பியா, தாய்லாந்து, பிரேசில் என்று போய் வண்டியைப் பாகங்களாக அனுப்பி அங்கே பூட்டுகிறார்கள். இறக்குமதித் தீர்வை அதிகமாக உள்ள நாடுகளில் அதுதான் வழி. ஒரே கம்பெனி, இரண்டு திசை, இரண்டு காரணம். ‘ஏன் வெளிநாடு போகிறார்கள்’ என்று ஒருமையில் கேட்பதே தவறு என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான். எந்த நாட்டுக்கு என்ற கேள்வியைச் சேர்த்துக் கேட்டால்தான் விடை கிடைக்கும். பணத்துக்கும் இது பொருந்தும். மெக்சிகோவின் சிமெக்ஸ் சிமெண்ட் கம்பெனி 1992-இல் ஸ்பெயினில் இரண்டு சிமெண்ட் கம்பெனிகளை வாங்கியது. சிமெண்ட் விற்பதைவிடப் பெரிய லாபம் ஒன்று அதில் இருந்தது: ஸ்பானியக் கம்பெனியின் பெயரில் குறைந்த வட்டிக்குக் கடன் கிடைத்தது.

இந்த இடத்தில்தான் ஃப்ரெஷ்வொர்க்ஸின் முகவரிக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. கம்பெனியின் தலைமையகம் கலிபோர்னியாவின் சான் மடேயோ. தாய் நிறுவனம் பதிவானது டெலாவேர் மாநிலத்தில். வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் இந்தியாவில். வாடிக்கையாளர் உலகெங்கும். சட்டத்தின் பார்வையில் அது அமெரிக்கக் கம்பெனி.

ஏன் அப்படி? இந்தியச் சட்டம் ஒரு இளம் கம்பெனிக்கு வைத்திருந்த தடைகளைப் பார்த்தால் விளங்கும். வெளி முதலீட்டாளர் நியாய மதிப்புக்கு மேல் விலை கொடுத்துப் பங்கு வாங்கினால் அந்தக் கூடுதலைக் கம்பெனியின் வருமானமாகக் கருதி வரி போடும் பிரிவு 2012-இல் வந்தது. ‘ஏஞ்சல் வரி’ என்று பெயர்பெற்ற அது 2024 பட்ஜெட்டில்தான் நீங்கியது. மும்பைப் பங்குச்சந்தையில் பங்கு வெளியிடச் சராசரியாக ஆண்டுக்கு 15 கோடி ரூபாய் செயல்பாட்டு லாபம் காட்ட வேண்டும். இல்லையென்றால் பங்கில் முக்கால் பாகத்தை நிறுவன முதலீட்டாளர்களுக்கே விற்க வேண்டும். வேகமாக வளர்வதற்காக நட்டத்தில் ஓடும் மென்பொருள் கம்பெனியை எடைபோட்டு விலை சொல்லத் தெரிந்த முதலீட்டாளர்கள் அன்று நியூயார்க்கில் இருந்தார்கள். இங்கே அப்படிப்பட்டவர்கள் குறைவு. தருண் கன்னாவும் கிருஷ்ண பாலேபுவும் 1997-இல் எழுதியது இதைத்தான்: வளர்ந்துவரும் நாடுகளில் சந்தை இருக்கிறது, சந்தையைத் தாங்கும் நிறுவனங்கள் இல்லை. அந்த வெற்றிடத்தைத் தாண்டக் கம்பெனி தன் முகவரியையே மாற்றிக்கொள்கிறது.

பங்கு வெளியீட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர் ஆனார்கள் என்று கிரீஷ் மகிழ்ச்சியோடு சொன்னார். நானும் மகிழ்ந்தேன். முப்பது வயதுக்குட்பட்ட பிள்ளைகள் சுமார் எழுபது பேர் அதில் உண்டு. கீழ்க்கட்டளையில் விதைத்தது கீழ்க்கட்டளைப் பிள்ளைகளுக்கும் விளைந்தது. 2024 மே மாதம் டென்னிஸ் வுட்சைட் என்ற அமெரிக்கர் தலைமைச் செயல் அதிகாரி ஆனார். அந்த ஆண்டு நவம்பரில் உலகெங்கும் சுமார் 660 பேரை, ஊழியர்களில் 13 சதவீதத்தை, வேலையிலிருந்து நீக்குவதாகக் கம்பெனி அறிவித்தது. பங்குச்சந்தையில் நிற்கும் எந்தக் கம்பெனியும் செய்யக்கூடியதுதான் அது. ஆனால் பெருங்குடியில் வீட்டுக்கடன் கட்டுபவரின் வேலையைப் பற்றிய முடிவு, காலாண்டுக்கு ஒருமுறை நியூயார்க்குக்குக் கணக்குச் சொல்லும் மேசையில் எடுக்கப்படுகிறது. மென்பொருளுக்கு உண்டு என்று நான் சொன்ன ஆபத்து இதுதான். பர்மாவில் நிலம் அங்கே தங்கியது, ஆள் திரும்பி வந்தார். இங்கே ஆள் இங்கேயே இருக்கிறார், முடிவெடுக்கும் உரிமை அங்கே போய்விட்டது.

ஸோஹோ வெளி முதலீட்டாளரிடம் பணம் வாங்கவில்லை; பங்குச்சந்தைக்குப் போகவில்லை. அதனால்தான் 2011-இல் தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் திறக்க முடிந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பாமல் தானே பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுக்க முடிந்தது. பங்குதாரர் கேள்வி கேட்கும் கம்பெனியில் இவை எளிதில் நடக்காது. இதைச் சொல்வதால் ஸோஹோ வழியே சரி, மற்றது தவறு என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். 1996-இல் தொடங்கியவருக்கு மெல்ல வளர நேரம் இருந்தது. 2010-இல் தொடங்கியவருக்குப் போட்டியாளர் கழுத்தருகே நின்றார். ஆனாலும் கடல் தாண்டுவதில் இரண்டு வகை உண்டு என்பதை நம் அரசுகள் பிரித்துப் பார்ப்பதில்லை. வாடிக்கையாளரை வெளியில் வைத்து வேரை இங்கே வைப்பது ஒன்று. வேரையே பெயர்த்துக்கொண்டு போவது இன்னொன்று. இரண்டாவதற்குக் காரணம் பெரும்பாலும் நாம் எழுதிய சட்டம்.

இந்தப் புறநகர் ஏன் இத்தனைக்கும் இடம்கொடுத்தது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. குரோம்பேட்டை என்ற பெயரே ஒரு தோல் கம்பெனியிலிருந்து வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் நடத்திய குரோம் லெதர் கம்பெனி அது. பல்லாவரத்துத் தோல் கப்பலேறிய காலம் அது. அந்தக் குரோம்பேட்டையில் 1949-இல் சி. ராஜம் மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியைத் தொடங்கினார்; அப்துல் கலாம் அங்கேதான் வானூர்திப் பொறியியல் படித்தார். தாம்பரத்தில் கிறித்தவக் கல்லூரி, காட்டாங்கொளத்தூரில் எஸ்.ஆர்.எம். படித்த பிள்ளை மின்ரயிலில் அரை மணி நேரத்தில் வேலைக்கு வந்துவிடும். வாடகை நகரத்தைவிடக் குறைவு. இவற்றுக்கு முன்னால் எந்தச் சலுகையும் இரண்டாம் பட்சம்.

ஆக, சலுகை கொடுத்து ஏற்றுமதியை வளர்த்தோம். கல்லூரி கட்டி ஆளை வளர்த்தோம். வாங்குபவரை மட்டும் வளர்க்கவில்லை. தமிழக அரசுத் துறை ஒன்று மென்பொருள் வாங்க டெண்டர் விட்டால் இத்தனை கோடி விற்றுமுதல், இத்தனை ஆண்டு அனுபவம் என்ற நிபந்தனைகள் முதலில் வருகின்றன. இளம் கம்பெனிகளுக்கான தளர்வுகள் காகிதத்தில் உண்டு. கையெழுத்துப் போடும் அதிகாரிக்குத் தெரிந்த பெரிய கம்பெனியிடம் வாங்குவதே பத்திரம். தவறாகப் போனால் கேள்வி அவரைத்தான் கேட்பார்கள். இதை மாற்ற அவருக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும். சிறிய தொகைக்கு, ஒரு துறைக்கு, ஓராண்டுக்கு என்று உள்ளூர்க் கம்பெனியிடம் வாங்கிப் பார்த்துத் தோற்றாலும் அது குற்றமாகாது என்று அரசாணையில் எழுத வேண்டும். மெப்ஸ் வாசலிலும் இதே பார்வை வேண்டும். உள்ளே செய்த பொருள் குரோம்பேட்டைக்கு வரும்போது, அதில் கலந்த இறக்குமதிப் பாகங்களுக்கு மட்டும் தீர்வை வாங்கினால் போதும் என்று ஏற்றுமதியாளர்கள் பல ஆண்டுகளாகக் கேட்கிறார்கள். நியாயமான கோரிக்கை அது.

கீழ்க்கட்டளையிலோ முடிச்சூரிலோ இன்று யாரோ ஒருவர் வாடகை அறையில் அடுத்த மென்பொருளை எழுதிக்கொண்டிருப்பார். அவருடைய முதல் வாடிக்கையாளர் பெர்த்தில் உள்ள பள்ளியாகவே இருக்கட்டும். இரண்டாவது வாடிக்கையாளராகத் தாம்பரத்தில் ஒரு பள்ளி முன்வர வேண்டும். பள்ளி நடத்துபவர்களும் அலுவலகம் நடத்துபவர்களும் இதை வாசித்தால், அடுத்தமுறை ஒரு பொருளுக்கு ஆர்டர் போடும் முன் ஜி.எஸ்.டி. சாலையில் அதைச் செய்பவர் இருக்கிறாரா என்று ஒருமுறை விசாரியுங்கள்.